பத்தியம் என்று எழுதியவள்

“அந்தக் கவரைப் பிரிங்க சார்” என்றேன்.

காலையிலிருந்து மீட்டிங்கில் இருந்துவிட்டு வந்த நோயல் சார் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது. இந்த வேலையில் என்னைச் சேர்த்த அன்றைக்கு அவர் சொன்ன முதல் விஷயமே அதுதான். லீவு கேள், கெமிக்கல் கேள், என்ன வேண்டுமானாலும் கேள், அந்தக் கவரை மட்டும் கேட்காதே. கேட்டால் ஒன்றரை வருஷ வேலை மண்ணாகிவிடும்.

கவர் அவருக்குப் பின்னால் இருந்த பீரோவில் இருந்தது. அரக்கு வைத்து ஒட்டிய பழுப்புக் கவர். உள்ளே ஒரே ஒரு தாள். எங்கள் சோதனைக்கு வந்த அறுபது பெண்களுக்கும் நம்பர் போட்டு, எந்த நம்பருக்கு பிபியை இறக்கும் என்று நாங்கள் நம்புகிற நிஜமான தூள், எந்த நம்பருக்கு வெறும் பால்பவுடர் என்று எழுதியிருக்கும். எழுதியவர் மைசூரில் இருக்கும் ஒரு கணக்கு வாத்தியார். குடிக்கிறவர்களுக்கும் தெரியாது, பிபி பார்க்கிற எனக்கும் தெரியாது, நோயல் சாருக்கும் தெரியாது. தெரிந்துவிட்டால் நம் மனசு அளவைத் தன் பக்கம் இழுக்கும் என்பதற்காக அந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆளுக்கொரு கவராக அறுபது சின்னக் கவர் போட்டிருக்க வேண்டும். ஒருத்திக்கு அவசரம் என்றால் அவளுடையதை மட்டும் பிரிக்கலாம். எங்கள் கம்பெனி ஒரே கவரோடு வேலையை முடித்துக்கொண்டது.

“யாருக்கு என்ன ஆச்சு?” என்றார்.

முப்பத்தேழாம் நம்பர் என்றேன். கோமளம். பொம்மனஹள்ளி கார்மெண்ட்ஸில் தைத்த சட்டையைச் சரிபார்க்கிறவள். நேற்று மத்தியானம் டீ நேரத்தில் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டி மிஷின்களுக்கு நடுவே விழுந்திருக்கிறாள். ஓசூர் ரோட்டில் ஒரு நர்சிங் ஹோமில் படுத்திருக்கிறாள். கொண்டுவந்தபோது பிபி இருநூற்றுப் பத்து.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நோயல் சார் கெட்டவர் இல்லை. இதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவர்மேல் பழி போடுவது எனக்குச் சுலபமாகிவிடும். கண்டோன்மென்ட் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். வீட்டில் பேசுவது தமிழ், ஆனால் மூன்று தலைமுறையாக இங்கிலீஷ் ஸ்கூல், அதனால் தமிழில் ஓர் எழுத்துகூடப் படிக்க வராது. நான் அத்திபெலே. அப்பா செக்போஸ்ட் பக்கத்தில் லாரியில் மூட்டை இறக்குகிறவர். தினமும் எல்லை தாண்டி ஓசூர் கவர்மென்ட் ஸ்கூலில் தமிழ் மீடியம் படித்து, பிறகு பெங்களூரில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. எங்கள் தெருவிலேயே டிகிரி வாங்கிய முதல் ஆள். என்னை இன்டர்வியூவில் எடுத்தது நோயல் சார்தான். “இந்தப் பொண்ணு முகத்துக்கு நேரா பேசுது, லேபுக்கு அது வேணும்” என்று எச்.ஆரிடம் சொன்னாராம். அப்படிச் சொன்னதற்காக அவர் வருத்தப்பட்ட நாட்கள் உண்டு.

“பால் புரோட்டீன்னு டாக்டர்கிட்ட சொல்லு மா. ஃபுட்தானே அது.”

“சொன்னேன் சார். டாக்டர் டோரீன் என்ன கேட்டாங்க தெரியுமா? சாப்பாட்டுப் பொருள்னு சொல்லாதீங்க, உள்ள போனா அது என்ன பண்ணும்னு சொல்லுங்க. அதுக்கு மேலதான் நான் என் மாத்திரையைப் போட முடியும்.”

அதுதான் சங்கடம். எங்கள் தூள் என்ன பண்ணும் என்று நாங்கள் சொல்லிக்கொள்கிறோமோ, அதையேதான் டாக்டர் போட நினைக்கிற மாத்திரையும் பண்ணும். பாலில் உள்ள புரதம் ஒரு நீளமான சங்கிலி. அதை என்சைம் போட்டு நறுக்கினால் சின்னச் சின்னத் துண்டுகளாகும். பெப்டைடு என்பது அந்தத் துண்டுதான். சில துண்டுகளுக்கு மூன்றே கண்ணி. ரத்தக் குழாயை இறுக்குகிற வேலையைச் செய்ய நம் உடம்பில் ஒரு என்சைம் இருக்கிறது. இந்தத் துண்டு போய் அதன் வாயை அடைத்துக்கொள்ளும். குழாய் தளரும், பிபி இறங்கும். டெஸ்ட் டியூபில் நானே நூறு தடவை பார்த்திருக்கிறேன், அழகாக அடைக்கும். துண்டுகளைப் பிரிக்கிற மெஷினில் அந்த மூன்று கண்ணித் துண்டு தனிக் கோபுரமாக எழும்பி வரும்போது மனசு நிறைந்துவிடும். வயிற்றுக்குள் போனபின் கதை வேறு. பாதி அங்கேயே செரித்துப் போகும். மிச்சம் ரத்தத்தில் சேர்ந்தாலும், எல்லாம் கூடிவந்தால் பிபி மூன்று நான்கு பாயிண்ட் இறங்கலாம், இறங்காமலும் போகலாம். அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தச் சோதனை. அறுபது பெண்கள், எட்டு வாரம், தினமும் ஒரு பாக்கெட். இது ஆறாவது வாரம்.

தூளுக்கு ஒரு குணம் உண்டு. பால் புரதத்தை நறுக்கினால் கசக்கும். நாக்கு மடங்குகிற கசப்பு. ஏலக்காய் போட்டுப் பார்த்தோம், ஆரஞ்சு போட்டுப் பார்த்தோம், அடங்கவில்லை. வெறும் பால்பவுடர் மட்டும் இனித்தால் குட்டு உடைந்துவிடுமே என்று அதிலும் கசப்புக்கு ஒன்றைக் கலந்தோம். ஆக அறுபது பேரும் கசப்பைத்தான் குடித்தார்கள். கசப்பாக ஒன்றைக் கொடுத்து, உடம்புக்கு நல்லது, தினமும் குடி என்று சொன்னால் எங்கள் ஜனம் அதை என்னவென்று நினைக்கும் என்று அந்த லேபில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்காவது தோன்றியிருக்க வேண்டும்.

“சார், அவளுக்குப் பிபி ஏறினது நம்ம தூளால இல்ல. மாத்திரையை நிறுத்திட்டா. ஆறு வாரமா.”

“அது அவங்க தப்புதானே. மாத்திரையைத் தொடரணும்னு ஃபார்ம்லயே இருக்கே.”

“உங்க ஃபார்ம்ல இருக்கு. என் ஃபார்ம்ல இல்ல.”

அவருக்குப் புரியவில்லை. நேற்று சாயங்காலம் வரை எனக்கும் புரியவில்லை.

நேற்று நர்சிங் ஹோமுக்குப் போனபோது கோமளம் மூக்கில் பஞ்சோடு படுத்திருந்தாள். நாற்பத்தெட்டு வயசு. வாணியம்பாடி பக்கத்திலிருந்து வந்து இருபது வருஷமாக பொம்மனஹள்ளி. என்னைப் பார்த்ததும் பஞ்சோடு சிரித்தாள். “இன்னா பாப்பா, சனிக்கிழமைக்கு முன்னாடியே பிபி பாக்க வந்துட்டியா” என்றாள். டாக்டர் டோரீன் பக்கத்தில் நின்று, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்று என்னைக் கேட்கச் சொன்னார். அவருக்குத் தமிழ் வராது. நான் கேட்டேன்.

“மாத்திரையா? அத்த நிறுத்தி ஒன்றரை மாசம் ஆவுதே.”

“யாரு அக்கா நிறுத்தச் சொன்னது?”

கோமளம் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கிண்டல் பண்ணுகிறேனோ என்று நினைத்தாள் போலிருக்கிறது.

“நீதானே படிச்சுச் சொன்னே. பத்தியத்தையும் மருந்தையும் வழக்கம்போலக் கடைப்பிடிக்கணும்னு. மருந்துன்னா உன் பாக்கெட்டு. அந்தக் கசப்புக்கு வேற இன்னா பேரு? பத்தியம்னா பத்தியம். கருவாடு சேக்கலே, கத்தரிக்கா சேக்கலே, இங்கிலீஷ் மாத்திரை சேக்கலே. சும்னே ஒண்ணும் நான் நிறுத்தலே. நீ எழுதினதைத்தான் செஞ்சேன்.”

பிறகு, என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, “இன்னா பாப்பா, தப்பா செஞ்சுட்டேனா?” என்று கேட்டாள். படுத்திருக்கிறவள் கேட்கிறாள். நான் டாக்டர் பக்கம் திரும்பி இங்கிலீஷில் சொன்னேன், நிறுத்திவிட்டாள் என்று.

இங்கிலீஷ் படிவத்தில் அது ஒரே வரி. டயட், மெடிகேஷன், இரண்டையும் வழக்கம்போல் தொடரவும். கம்பெனியில் தமிழ் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்தி, அதனால் மொழிபெயர்ப்பு என்னிடம் வந்தது. டயட்டுக்கு ‘சாப்பாடு’ என்று எழுதியிருக்கலாம். எழுதினேன், அடித்தேன். ஆஸ்பத்திரிச் சுவர்களில் பெரிய எழுத்தில் ‘பத்திய உணவு’ என்று பார்த்த ஞாபகம். சாப்பாடு என்றால் ஏதோ எங்கள் வீட்டுப் பேச்சு மாதிரி இருந்தது, பத்தியம் என்றால் படித்தவள் எழுதிய மாதிரி இருந்தது. உண்மையைச் சொன்னால், என் தமிழுக்கு ஓர் ஆபீஸில் வேலை வந்தது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் மினுக்கிக்கொண்டேன். அந்த மினுக்கலில் ‘ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரை’ என்பதும் வெறும் ‘மருந்து’ என்று சுருங்கிவிட்டது.

பத்தியம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? எங்கள் அம்மா மஞ்சள்காமாலைக்குக் கீழாநெல்லி குடித்த நாட்களில், டாக்டர் கொடுத்த மாத்திரையை எடுத்து பரண்மேல் வைத்ததைப் பார்த்து வளர்ந்தவள்தானே. நாட்டு மருந்து உள்ளே போனால் இங்கிலீஷ் மருந்து வெளியே. அதுதான் வழக்கம். நான் ‘வழக்கம்போல்’ என்று வேறு எழுதியிருந்தேன்.

இதில் இன்னொன்று. ஒவ்வொரு சனிக்கிழமையும் பிபி பார்க்கும்போது ஒரு கேள்வி கேட்டு டிக் போட வேண்டும். “பத்தியம், மருந்து ரெண்டும் ஒழுங்கா?” என்று கேட்பேன். “ஒழுங்கா” என்பார்கள். டிக். ஆறு வாரம் டிக். பிபி ஏறுவதைப் பார்த்தேன், நோயல் சாரிடம் சொன்னேன். ஏப்ரல் வெயில், எக்ஸ்போர்ட் ஆர்டர் அவசரம், ஓவர்டைம், அதனாலிருக்கும் என்றார். எனக்கும் அசதி. இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இன்று காலை ஏழரைக்கு ஃபேக்டரி கேட்டில் நின்றேன். அறுபது பேரில் முப்பத்திரண்டு பேர் முன்பே பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்கள். சைரன் அடிப்பதற்குள் அவர்களில் பதினாலு பேரைத்தான் பிடிக்க முடிந்தது. பதினொரு பேர் நிறுத்தியிருந்தார்கள். கேட்கக் கேட்க வரிசையாகத் தலையாட்டினார்கள். அதில் லட்சுமம்மா என்று ஒரு காலர் தைக்கிறவள், “வீட்டுக்காரரைக்கூடத் தள்ளிப் படுக்கச் சொல்லிட்டேன் பாப்பா, பத்தியம்னா முழுசா இருக்கணுமில்ல. உன் பவுடரால கெடச்ச ஒரே நிம்மதி அதான்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பாக்கெட்டைத் தொடாதீர்கள், இன்றைக்கே பழைய டாக்டரிடம் போய் மாத்திரையை ஆரம்பியுங்கள், எழுதினது என் தப்பு என்று சொன்னேன். தப்பு என்றதும் சிரிப்பு நின்றது. ஒருத்தி, “படிச்ச பொண்ணுன்னு நம்பினோமே” என்றாள். திட்டவில்லை. சும்மா சொல்லிவிட்டு கார்டு பஞ்ச் பண்ணப் போய்விட்டாள்.

இவ்வளவையும் நோயல் சாரிடம் நின்றுகொண்டே சொன்னேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. கால் வலித்தது, ஆனால் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று தோன்றியது.

அவர் சாவியை எடுத்தார். பீரோவைத் திறந்து, கவரை மேஜைமேல் வைத்து, டிபன் ஸ்பூனின் காம்பால் அரக்கைப் பெயர்த்தார். விரலை வைத்து முப்பத்தேழு வரைக்கும் இறங்கினார். அங்கேயே விரல் நின்றது.

“நிஜத் தூள்தான்” என்றார்.

அவருடைய போனை என் பக்கம் இழுத்து நர்சிங் ஹோமுக்கு அடித்தேன். டாக்டர் டோரீனிடம் விஷயத்தைச் சொன்னேன். தூளில் என்ன இருக்கிறது, எவ்வளவு, கடைசிப் பாக்கெட் எப்போது. அப்படியானால் இந்த வகை மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், வேறு போடுகிறேன் என்றார். தேங்க்ஸ்கூடச் சொல்லாமல் வைத்துவிட்டார். எனக்கு அது பிடித்திருந்தது.

நோயல் சார் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் காலையில் எழுதிவைத்த பதினொரு நம்பரையும் அதில் தேடினேன். ஆறு பேருக்கு நிஜத் தூள், ஐந்து பேருக்கு வெறும் பால்பவுடர். இரண்டு பக்கமும் பிபி ஒரே மாதிரி ஏறியிருந்தது. பதினொரு பேரை வைத்து ஒன்றும் முடிவு சொல்ல முடியாது, அது எனக்கும் தெரியும். மாத்திரை நிறுத்திய இடத்தை நிரப்புகிற சக்தி இந்தத் துண்டுகளுக்கு இல்லை, அது மட்டும் தெரிந்தது. அவர் ஒன்பது வருஷமாக இந்தத் துண்டின் பின்னாலேயே அலைந்தவர். அந்த முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஆனால் அவர் அடுத்துப் பேசியது தூளைப் பற்றி இல்லை.

டிராயரிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். சோதனையிலிருந்து ஆளை நீக்கும்போது நிரப்புகிற தாள். அதில் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. கோமளத்தையும் சேர்த்துப் பன்னிரண்டு பேருக்கும் ஒரே காரணம் எழுதிவிடலாம் என்றார். கொடுத்த அறிவுரையை மீறித் தாங்களாகவே மாத்திரையை நிறுத்தினார்கள். அவசரத்துக்காகக் கவரைப் பிரித்தோம், அதற்கு விதியில் இடம் இருக்கிறது. மிச்சப் பேரை வைத்துச் சோதனை நடக்கும். சோதனையை மேற்பார்வை பார்க்கும் கமிட்டி கேள்வி கேட்காது.

“நீதான் கோஆர்டினேட்டர். நீ சைன் பண்ணினா போதும். உன் தப்புன்னு எங்கயும் வராது மா.”

“அவங்க மீறல சார். சொன்னதைத்தான் செஞ்சாங்க.”

“அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். எனக்குத் தமிழ் படிக்க வராது. கமிட்டியில யாருக்கும் வராது. அந்த ஃபார்மை எடுத்துப் பார்த்தாலும் கோலம் மாதிரிதான் தெரியும்.”

“மீறினாங்கன்னு எழுதினா கோமளத்தோட ஆஸ்பத்திரிச் செலவு யார் தலையில?”

சோதனையால் கெடுதல் வந்தால் கம்பெனி பார்க்கும் என்று அதே படிவத்தின் கடைசி வரி சொல்கிறது. அறிவுரையை மீறியவர்களுக்கு அது கிடையாது. அந்த வரியை நான் சரியாகத்தான் மொழிபெயர்த்திருந்தேன்.

“இங்க பாரு ஷோபா” என்றார். கோபமில்லை, களைத்துப்போன குரல். “உன்னைத்தான் நான் காப்பாத்தறேன். மைசூருக்கு ரிசர்ச் படிக்க அனுப்பறேன்னு சொல்லியிருக்கேன். ஒரு வார்த்தை தப்பா எழுதினதுக்கு அதெல்லாம் போகணுமா? அவங்களுக்கு என்ன, ரெண்டு நாள் படுத்துட்டு எழுந்து போயிடுவாங்க. நீ அப்படி இல்ல. உன் வீட்டுக்கு நீ ஒருத்திதான்.”

எல்லாம் உண்மை. என் வீட்டுக்கு நான் ஒருத்திதான். மைசூர் என்று சொன்ன நாளிலிருந்து அப்பா பார்க்கிற லாரி டிரைவரிடமெல்லாம் மகள் மைசூர் போகிறாள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். கோமளத்துக்கும் அவள் வீட்டில் அவள் ஒருத்திதான் என்பது நோயல் சாருக்குத் தெரியாது. கேட்டதில்லை.

எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்துகிற அளவுக்குத் தெம்பில்லை.

“கமிட்டிக்குக் காலையிலேயே ஃபேக்ஸ் போயிடுச்சு சார்” என்றேன்.

அவர் நிமிர்ந்தார்.

கேட்டில் பேசிவிட்டு, எதிரே எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்து ரெண்டு பக்கம் எழுதியதைச் சொன்னேன். இங்கிலீஷ் வரி, என் தமிழ் வரி, அதை அந்தப் பெண்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள், ஏன் அப்படித்தான் புரிந்துகொள்ள முடியும், எல்லாம். மொழிபெயர்த்தது நான், வேறு யாரும் சரிபார்க்கவில்லை, பங்கெடுத்தவர்கள் எந்த அறிவுரையையும் மீறவில்லை. கீழே என் முழுப்பெயர். ஒரு காப்பி டாக்டர் டோரீனிடம் கொடுத்திருந்தேன்.

“அப்ப எதுக்கு என்கிட்ட வந்து நின்னே?”

“முப்பத்தேழுக்கு என்ன தூள்னு தெரியணும். அது உங்க பீரோலதானே இருந்துச்சு.”

அவர் படிவத்தை மறுபடி டிராயருக்குள் வைத்தார், சத்தமில்லாமல். “வேற ஒருத்தியா இருந்தா என்கிட்ட முதல்ல சொல்லியிருப்பா” என்றார் கடைசியில்.

“சொல்லியிருந்தா அனுப்ப விட்டிருப்பீங்களா?”

அதற்கு அவர் பொய் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தார். எங்கள் லேப் இருக்கிற பொம்மசந்திராவில் ஜன்னல் வழியாகப் பார்க்க என்ன இருக்கிறது, இன்னொரு ஷெட்டின் சுவர். நான் லேப் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டேன். ஐ.டி. கார்டை அதன்மேல் வைத்தேன். மெஷினில் காலையில் போட்ட சாம்பிள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, நாலு மணிக்கு நிறுத்த வேண்டும், அதை மட்டும் சொன்னேன். தலையாட்டினார்.

கேட்டுக்கு வெளியே வெயில் முகத்தில் அறைந்தது. மணி ரெண்டே முக்கால். ஐந்தரைக்கு கார்மெண்ட்ஸ் ஷிஃப்ட் முடியும். முப்பத்திரண்டில், கோமளம் போக, இன்னும் பதினேழு பேரைப் பார்க்க வேண்டியிருந்தது. அவர்களும் சிரிப்பார்கள், பிறகு சிரிப்பை நிறுத்துவார்கள். பொம்மனஹள்ளி போகிற பஸ் வந்தது. உட்கார இடமில்லை. ஏறிக்கொண்டேன்.